காப்பீட்டுப் பாலிசி என்றால் என்ன? நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் நோயாளியை அனுமதிக்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, “காப்பீடு உள்ளதா?” என்பது. “உள்ளது” எனக் கூறினால், “பாலிசி எண் என்ன? எந்த நாள் வரை செல்லும்? எவ்வளவு தொகைக்கு?” என்று அடுத்தடுத்துக் கேட்பர். அந்த நேரத்தில் விடை தேடுவது கடினம். நோயாளி வலியில் இருப்பார். உடனிருப்பவர் கலக்கத்தில் இருப்பார். ஆவணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். பாலிசி என்பது என்ன, அச்சொல் எந்தெந்தப் பொருளில் வழங்குகிறது, அந்த ஆவணத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. நோயற்ற நாளில் ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால், நோயுற்ற நாளில் இது உங்களுக்குத் துணைநிற்கும்.

பாலிசி என்னும் சொல்

காப்பீட்டுப் பாலிசி என்பது, காப்பீட்டு நிறுவனத்திற்கும் காப்பீடு எடுப்பவருக்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தமும், அவ்வொப்பந்தத்திற்குச் சான்றாக வழங்கப்படும் ஆவணமும் ஆகும். நீங்கள் பிரீமியம் எனப்படும் தொகையை முன்கூட்டியே செலுத்துகிறீர்கள். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்திற்குள் குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தால், குறிப்பிட்ட வரம்பு வரை செலவை ஏற்பதாக நிறுவனம் உறுதியளிக்கிறது. இவ்வாக்கியத்தில் ‘குறிப்பிட்ட’ என்னும் சொல் மூன்று முறை வருவதைக் கவனியுங்கள். காலம், நிகழ்வு, வரம்பு ஆகிய மூன்றும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கும். சிகிச்சைச் செலவு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் இம்மூன்றையும் பொறுத்தே அமைகின்றன.

சில மொழிபெயர்ப்புகளில் இது ‘காப்பீட்டுக் கொள்கை’ என்று எழுதப்படுகிறது. இது பொருந்தாத சொல்லாட்சி. ஆங்கிலத்தில் ‘பாலிசி’ என ஒரே விதமாக ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள்ளன. அரசின் கொள்கையைக் குறிக்கும் சொல், நகர அரசைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. காப்பீட்டில் வழங்கும் சொல்லோ, சான்று என்னும் பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றி, இடைக்கால இலத்தீனில் ரசீதைக் குறித்து, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. எனவே காப்பீட்டுப் பாலிசியைக் காப்பீட்டு ஒப்பந்தம் அல்லது காப்பீட்டுப் பத்திரம் என்று கொள்வதே சரி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழில் காப்பீடு என்பதற்குக் ‘காப்புறுதி’ என்னும் சொல் வழங்குகிறது.

ஒரே சொல், பல பயன்பாடுகள்

அன்றாடப் பேச்சில் ‘பாலிசி’ என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் வருகிறது. அவற்றைப் பிரித்தறிவது நல்லது.

விற்பனைக்குரிய திட்டம்: “எந்தப் பாலிசி எடுக்கலாம்?” என்று கேட்கும்போது, நிறுவனம் விற்கும் காப்பீட்டு வகையைக் குறிக்கிறோம்.

ஒப்பந்தம்: “பாலிசி நடப்பில் உள்ளது”, “பாலிசி காலாவதியாகிவிட்டது” என்னும்போது, உங்களுக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான உறவைக் குறிக்கிறோம்.

ஆவணம்: “பாலிசியைக் கொண்டு வாருங்கள்” என்னும்போது, தாளில் அல்லது மின்னணு வடிவில் உள்ள பத்திரத்தைக் குறிக்கிறோம்.

மருத்துவக் காப்பீட்டைப் பலர் ‘மெடிகிளைம்’ என்றும் கூறுவர். பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் 1986-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பாலிசியின் பெயர் அது. நாளடைவில் எல்லா மருத்துவக் காப்பீட்டிற்கும் அப்பெயர் பொதுவழக்காயிற்று.

காப்பீட்டு அட்டையும் பாலிசியும் ஒன்றல்ல. அட்டை, நீங்கள் காப்பீடு பெற்றவர் என்பதை அடையாளம் காட்டும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பாலிசி ஆவணமே கூறும். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணத்தைப் படிக்காமல் இருப்பதே பின்னாளில் பல ஏமாற்றங்களுக்குக் காரணமாகிறது.

பாலிசியில் இடம்பெறுவோர்

பாலிசிதாரர் என்பவர் பிரீமியம் செலுத்தி ஒப்பந்தம் செய்துகொள்பவர். காப்பீடு பெற்றவர் என்பவர் யாருடைய சிகிச்சைக்குக் காப்பு உள்ளதோ அவர். மகன் தன் தாய்க்குப் பாலிசி எடுத்தால், மகன் பாலிசிதாரர். தாய் காப்பீடு பெற்றவர். நியமனதாரர் என்பவர், பாலிசிதாரர் இறந்துவிட்டால் அவருக்குச் சேர வேண்டிய தொகையைப் பெறுபவர்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காப்பீட்டுத் தொகை இருப்பின் அது தனிநபர் பாலிசி. ஒரே தொகையைக் குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்துகொள்வதாயின் அது குடும்பப் பாலிசி. இதனை ஃபேமிலி ஃபுளோட்டர் என்பர். குடும்பப் பாலிசியில் 5 லட்சம் ரூபாய் எனக் குறிப்பிட்டிருந்தால், ஓராண்டில் குடும்பத்தினர் அனைவருக்கும் சேர்த்தே 5 லட்சம் ரூபாய் என்பது பொருள். தந்தையின் சிகிச்சைக்கு 4 லட்சம் செலவாகிவிட்டால், அவ்வாண்டில் மற்றவர்களுக்கு எஞ்சுவது 1 லட்சம் ரூபாயே. செலவான தொகையை மீண்டும் நிரப்பித் தரும் வசதி சில பாலிசிகளில் உண்டு. உங்கள் பாலிசியில் அது உள்ளதா என்று பாருங்கள்.

பணிபுரியும் நிறுவனம் எடுத்துத் தருவது குழுப் பாலிசி. அதில் பாலிசிதாரர் உங்கள் நிறுவனமே. உங்களிடம் இருப்பது அதன் உறுப்பினர் என்பதற்கான சான்று மட்டுமே. வேலையை விட்டு நீங்கும்போது இக்காப்பு பொதுவாக முடிவுக்கு வரும். வீட்டில் நீண்டகால நோயாளி இருப்பின், பணி ஓய்வுக்கோ பணி மாற்றத்திற்கோ முன்பாகவே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவது குறித்துக் கேட்டறியுங்கள். அவ்வாறு மாறினால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஆவணத்தில் எங்கே எதைப் பார்ப்பது?

பாலிசி ஆவணம் பல பக்கங்களைக் கொண்டது. எனினும் அது வழக்கமாகப் பின்வரும் பகுதிகளாக அமைந்திருக்கும்.

பாலிசி அட்டவணை: பெயர், வயது, பாலிசி எண், தொடங்கும் நாள், முடியும் நாள், காப்பீட்டுத் தொகை, பிரீமியம் ஆகியவை இதில் இருக்கும். பெயரும் பிறந்த நாளும் ஆதார் அட்டையில் உள்ளவாறே உள்ளனவா என்று சரிபார்த்து, பிழை இருப்பின் உடனே திருத்திக்கொள்ளுங்கள்.

வரையறைகள்: மருத்துவமனை, விபத்து, முன்பே இருந்த நோய் போன்ற சொற்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்பது இங்கே கூறப்பட்டிருக்கும். நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளும் இதுவும் வேறுபடலாம்.

பலன்கள்: எந்தச் செலவுகள் ஏற்கப்படும் என்பது. பொதுவாக 24 மணிநேரமேனும் உள்நோயாளியாக இருந்து பெறும் சிகிச்சைக்கே காப்பு உண்டு. டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை அறுவை போன்று ஒரே நாளில் முடியும் சிகிச்சைகள் இதற்கு விலக்காக ஏற்கப்படுகின்றன.

விலக்குகள்: எந்தச் செலவுகள் ஏற்கப்படமாட்டா என்பது. அழகுக்காகச் செய்யப்படும் அறுவை, சிகிச்சை தேவைப்படாமல் பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்படுதல், ஓய்வுக்காகத் தங்குதல் ஆகியவை பெரும்பாலான பாலிசிகளில் விலக்கப்பட்டவை.

நிபந்தனைகள்: தகவல் தெரிவிக்க வேண்டிய காலவரையறை, புதுப்பித்தல், குறைதீர்ப்பு ஆகியவை.

இவை அனைத்தையும் படிக்க இயலாதவர்களுக்காக, வாடிக்கையாளர் தகவல் தாள் என்னும் சுருக்கக் குறிப்பைப் பாலிசியுடன் வழங்க வேண்டும் என இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் பணித்துள்ளது. நீங்கள் விரும்பிக் கேட்டால் அத்தாளை உள்ளூர் மொழியில் தர வேண்டும். எனவே, தமிழில் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள்.

புதிய பாலிசி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், அதன் விதிகள் ஏற்புடையவையாக இல்லாவிட்டால் அதனைத் திருப்பி அளிக்கலாம். காப்பு நடப்பில் இருந்த நாள்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவை போக எஞ்சிய பிரீமியம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

காத்திருப்புக் காலம்

பாலிசி எடுத்த மறுநாளே எல்லா நோய்களுக்கும் காப்பு கிடைத்துவிடும் என்பது தவறான எண்ணம். மூன்று வகையான காத்திருப்புக் காலங்கள் உள்ளன.

முதலாவது, தொடக்கக் காத்திருப்பு. பாலிசி தொடங்கிய முதல் 30 நாள்களில் ஏற்படும் நோய்களுக்குப் பொதுவாகக் காப்பு இல்லை. விபத்தினால் ஏற்படும் காயங்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

இரண்டாவது, குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு. கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்றவை இப்பட்டியலில் வழக்கமாக இடம்பெறும்.

மூன்றாவது, முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அக்காலத்தில் மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோயும் முன்பே இருந்த நோய் எனப்படும். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு குறைபாடு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டாவது, மூன்றாவது வகைக் காத்திருப்புகள் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. முன்பு இவ்வரம்பு 48 மாதங்களாக இருந்தது. நிறுவனம் இதனினும் குறைவான காலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆகவே, பாலிசிகளை ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள்.

மனநோய்க்கான சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

உண்மையைத் தெரிவிக்கும் கடமை

காப்பீட்டு ஒப்பந்தம் நல்லெண்ணத்தின் அடிப்படையில் அமைவது. உங்கள் உடல்நிலையை நிறுவனம் அறியாது, நீங்கள் அறிவீர்கள். எனவே, முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையான விடையளிப்பது உங்கள் கடமையாகும். “சர்க்கரை இருப்பதாக எழுதினால் பிரீமியம் கூடும், விட்டுவிடலாம்” என்று எவரேனும் கூறினால் அதனை ஏற்காதீர்கள். பிரீமியத்தில் மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். சிகிச்சையின்போது பழைய மருத்துவச் சீட்டு ஒன்றிலிருந்து உண்மை வெளிப்பட்டால், பல லட்சம் ரூபாய்க்கான கோரிக்கை மறுக்கப்படலாம், பாலிசியே நீக்கப்படலாம்.

படிவத்தை முகவர் நிரப்பினாலும், கையொப்பமிடுபவர் நீங்களே. நிரப்பாத படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். நிரப்பிய படிவத்தைப் படித்துப் பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிசிதாரருக்கும் இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி 60 மாதங்கள் இடைவிடாது நடப்பில் இருந்தால், அதன்பின் ‘நோயை மறைத்தார்’ என்று கூறி நிறுவனம் கோரிக்கையை மறுக்க இயலாது. மோசடி என்று நிறுவப்பட்டால் மட்டுமே மறுக்கலாம்.

காப்பீட்டுத் தொகை முழுவதும் கிடைக்குமா?

காப்பீட்டுத் தொகை என்பது மேல்வரம்பு. அதற்குள் வேறு சிறு வரம்புகளும் இருக்கக்கூடும். நோயாளிகள் பெரிதும் அறியாதிருப்பது அறை வாடகை வரம்பு ஆகும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பிட்ட பாலிசியில், அதனினும் உயர்ந்த அறையை எடுத்தால், கூடுதல் வாடகையை மட்டும் நீங்கள் செலுத்தினால் போதும் என எண்ணிவிடாதீர்கள். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பதற்குப் பல பாலிசிகளில் விதி உண்டு. மருந்து, உள்வைப்புக் கருவிகள், ஆய்வகப் பரிசோதனை ஆகியவற்றிற்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திற்கும் இவ்விகிதக் குறைப்பு இல்லை.

இதனை ஒரு கணக்கின் மூலம் காண்போம். அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் 4 நாள்கள் தங்குகிறார். பாலிசியில் 5 விழுக்காடு இணைச்செலுத்தலும் உண்டு. அதாவது, ஏற்கப்படும் செலவில் அப்பங்கை நோயாளி ஏற்க வேண்டும்.

அறை வாடகை: பில் தொகை 32,000 ரூபாய், ஏற்கப்படுவது 20,000 ரூபாய்.
மருத்துவர், அறுவைக் கட்டணம்: பில் தொகை 80,000 ரூபாய், எட்டில் ஐந்து பங்கு மட்டும் ஏற்கப்படுவதால் 50,000 ரூபாய்.
மருந்து, பரிசோதனை: பில் தொகை 48,000 ரூபாய், முழுமையாக ஏற்கப்படும்.

மொத்த பில் 1,60,000 ரூபாய். ஏற்கப்படுவது 1,18,000 ரூபாய். அதில் 5 விழுக்காடான 5,900 ரூபாய் போக, நிறுவனம் செலுத்துவது 1,12,100 ரூபாய். குடும்பம் செலுத்த வேண்டியது 47,900 ரூபாய்.

5,000 ரூபாய் அறையையே எடுத்து, ஏனைய கட்டணங்கள் மாறாமல் இருந்திருந்தால், பில் 1,48,000 ரூபாய். அதில் குடும்பம் செலுத்த வேண்டியது 7,400 ரூபாய் மட்டுமே. வாடகையில் வேறுபாடு 12,000 ரூபாய்தான். ஆனால் குடும்பத்தின் மீது விழும் கூடுதல் சுமை 40,500 ரூபாய். ஆகவே, அறையைத் தேர்ந்தெடுக்கும் முன், “என் பாலிசியில் அறை வாடகை வரம்பு எவ்வளவு?” என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். வரம்புக்குட்பட்ட அறை காலியாக இல்லையெனில், அதனை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரம்புகள் எவ்வாறு அமையும் என்பதற்கு, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுத் தர பாலிசி நல்ல எடுத்துக்காட்டு. அதில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 விழுக்காடு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அனுமதிக்கு முந்தைய 30 நாள்களிலும், வீடு திரும்பிய பின் 60 நாள்களிலும் அந்நோய்க்காக ஆகும் மருத்துவச் செலவும் ஏற்கப்படும். இணைச்செலுத்தல் 5 விழுக்காடு.

சிகிச்சையின்போது பாலிசியைப் பயன்படுத்துதல்

இதற்கு இரு வழிகள் உள்ளன.

ரொக்கமில்லாச் சிகிச்சை: மருத்துவமனை உங்கள் சார்பில் காப்பீட்டு நிறுவனத்திற்கு, அல்லது அதன் சார்பில் செயற்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகிக்கு, முன் அனுமதி கோரும். இக்கோரிக்கையின் மீது ஒரு மணிநேரத்திற்குள் முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, இறுதி அனுமதியை 3 மணிநேரத்திற்குள் வழங்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி, மருத்துவமனை அதற்காகக் கூடுதல் கட்டணம் கோரினால் அதனைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். முதலில் அளிக்கப்படும் முன் அனுமதி இறுதித் தொகை ஆகாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

செலவைத் திரும்பப் பெறுதல்: நீங்கள் பணம் செலுத்திவிட்டு, பின்னர் ஆவணங்களை அனுப்பித் தொகையைப் பெறுவது. டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில், பணம் செலுத்திய ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் மூலப்படிகள் தேவைப்படும். அனுப்பும் முன் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வழியாயினும் உரிய காலத்தில் தகவல் தெரிவிக்க வேண்டும். ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், திட்டமிட்ட சிகிச்சையாயின் 48 மணிநேரத்திற்கு முன்பும், அவசரச் சிகிச்சையாயின் அனுமதிக்கப்பட்ட 24 மணிநேரத்திற்குள்ளும் தெரிவிக்க வேண்டும். செலவைத் திரும்பப் பெறுவதற்கான ஆவணங்களை வீடு திரும்பிய 30 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். உங்கள் பாலிசியில் உள்ள காலவரையறையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் காப்பீட்டு வேலைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம். முதலில் நோயாளியை அனுமதியுங்கள். தகவலைப் பின்னர் தெரிவிக்கலாம்.

புதுப்பித்தல்

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் ஓராண்டுக்குரியவை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கெடு நாள் தவறினால் சலுகைக் காலம் உண்டு: மாதத் தவணையாகச் செலுத்துவோர்க்கு 15 நாள்கள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு முறையில் செலுத்துவோர்க்கு 30 நாள்கள். அதற்குள் செலுத்தினால், கழிந்த காத்திருப்புக் காலம் முதலிய உரிமைகள் தொடரும். அதனையும் தவறவிட்டால் பாலிசி முறிந்து, காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பல ஆண்டுகள் பிரீமியம் செலுத்திய முதியவர் ஒருவர் ஒரே மாதத்தில் அவ்வளவு பயனையும் இழக்க நேரிடலாம். வீட்டில் முதியோர் பெயரில் பாலிசி இருப்பின், புதுப்பிக்கும் நாளை இளையோர் ஒருவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது நன்று.

முந்தைய ஆண்டுகளில் கோரிக்கை எழுப்பினார் என்பதற்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்க இயலாது. நிறுவனத்தின் சேவை நிறைவளிக்கவில்லையெனில், கழிந்த காத்திருப்புக் காலத்தை இழக்காமலேயே வேறு நிறுவனத்திற்கு மாறலாம். அதற்குப் புதுப்பிக்கும் நாளுக்குப் போதிய காலம் முன்னதாக விண்ணப்பியுங்கள். புதிய நிறுவனம் உங்களை ஏற்ற பின்னரே பழைய பாலிசியை விடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் பிரீமியத்திற்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை.

அரசுத் திட்டங்களும் பாலிசியும்

“எங்களிடம் பாலிசி இல்லை” என்று கூறும் பல குடும்பங்கள், அரசுக் காப்பீட்டுத் திட்டத்திற்குத் தகுதி பெற்றவையாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் செயற்பட்டு வருகிறது. 2018-இல் இது பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. இதற்கான பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. எனவே உங்கள் கையில் தனிப் பாலிசி ஆவணம் இராது. அதன் இடத்தில் காப்பீட்டு அட்டையும் பதிவு எண்ணும் இருக்கும். குடும்ப அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகிப் பதிவு செய்யலாம்.

இத்திட்டத்தில் பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு, இணைக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். அனுமதிக்கும் முன், அம்மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, உங்கள் நோய்க்கான சிகிச்சை அங்கே ஏற்கப்பட்டுள்ளதா என்னும் இரண்டையும் கேளுங்கள். விவரங்களுக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

70 வயது நிறைந்த முதியோர் அனைவருக்கும், வருமான வரம்பு பாராமல், பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் கீழ் காப்பு வழங்குவது 2024 அக்டோபர் 29 முதல் தொடங்கப்பட்டது. அதன் உதவி எண் 14555.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. என்பதும் காப்பீடே. ஆயினும் அது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தோன்றிய சமூகக் காப்பீடு. அதில் பாலிசி கிடையாது. ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் பங்களிப்பும் காப்பீட்டு எண்ணுமே உங்கள் உரிமைக்கு ஆதாரம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்பு என்பது முடிவன்று. பின்வரும் வரிசையில் செயற்படுங்கள்.

1. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்பது அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அவ்விதியை உங்கள் ஆவணத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

2. மருத்துவக் காரணம் கூறப்பட்டிருந்தால், சிகிச்சையளித்த மருத்துவரிடம் விளக்கக் கடிதம் பெற்று, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடுங்கள்.

3. ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ 155255 என்னும் எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம்.

4. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதமாகியும் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டில் வாழ்வோர்க்கு அவரது அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

5. நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அதற்கான காலவரையறை இரண்டு ஆண்டுகள். ஆனால் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் உள்ள விவகாரத்தை ஓம்பட்ஸ்மேன் ஏற்கமாட்டார். ஆகவே எவ்வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் பாலிசி ஆவணத்தை எடுத்து, கீழ்க்காணும் விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பாலிசி எண், முடியும் நாள், காப்பீட்டுத் தொகை, அறை வாடகை வரம்பு, இணைச்செலுத்தல், காத்திருப்புக் காலம் முடியும் நாள், காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண், உங்கள் ஊருக்கு அருகில் ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் பெயர்கள்.

அத்தாளை வீட்டில் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். படமெடுத்துக் குடும்பத்தினர் கைப்பேசிகளுக்கும் அனுப்புங்கள். பாலிசி எடுத்தவரே நோயாளியாகப் படுத்திருக்கும்போது, அவருக்காகப் பேச வேண்டியவர் உடனிருப்பவரே. அவர் கையில் இத்தாள் இருந்தால், நுழைவு மேசையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு, நோயாளியின் அருகில் சென்று அமரலாம்.